குழல்வாயில் சைலன்சரா, பிரேக்கா? சவுத்லேண்டிலிருந்து ஒரு பாபநாசத்துக்காரனின் கேள்வி

பாபநாசத்தான் (சவுத்லேண்ட், நியூசிலாந்து)

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் பாபநாசம் பக்கம். நாலு வருஷமாக நியூசிலாந்தின் தெற்குக் கோடியில் ஒரு மாட்டுப்பண்ணையில் வேலை பார்க்கிறேன். குளிர்காலத்துக்காக மாடுகளுக்கு இங்கே கீரையும் கிழங்கும் வயல் வயலாகப் போட்டிருப்பார்கள். இருட்டினால் மலைச்சரிவிலிருந்து செம்மான்கள் இறங்கி வந்து மேய்ந்துவிட்டுப் போய்விடும். நம்மூர்த் தோட்டத்தில் பன்றி புகுந்த மாதிரிதான் காலையில் வயல் கிடக்கும். பண்ணைக்காரர், "லைசென்ஸ் எடுத்துக்கொள், நீயும் சுடலாம், கறி உனக்கு" என்றார். படித்து, பரீட்சை எழுதி, விசாரணை எல்லாம் முடிந்து லைசென்ஸ் வந்துவிட்டது.

பழைய .308 (தோட்டா அளவு) போல்ட் ரைஃபிள் ஒன்று வாங்கியிருக்கிறேன். குழல் 22 அங்குலம், ஸ்கோப்போடு சேர்த்து மூன்றரைக் கிலோ. குழல்வாயில் மரை வெட்டியே வந்தது. அதில் சத்தம் குறைக்கிற சைலன்சர் மாட்டுவதா, வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதையைக் குறைக்கிற மஸில் பிரேக் மாட்டுவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. கடையில் கேட்டால் சைலன்சர் விலைக்கு மூன்று பிரேக் வாங்கலாம். இங்கே இரண்டுக்கும் தடை இல்லை.

முதல் நாள் ஒன்றும் மாட்டாமல் ஐந்து தோட்டா சுட்டேன். தோள் கன்றிப்போனது. அது மூன்று நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அன்று ராத்திரி முழுக்க இடது காதில் சில்வண்டு மாதிரி ஒரு சத்தம். தூங்கவே முடியவில்லை. அப்போது என் தாய்மாமாவை நினைத்துக்கொண்டேன். கோயில் கொடைக்கு அதிர்வேட்டுப் போடுகிறவர் அவர். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சுடலைமாடன் கொடையானாலும் அவர்தான். ஐம்பது வயதுக்குள் காது அடைத்துவிட்டது. இப்போது அத்தை அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் பக்கத்தில் போய்த் தோளைத் தொடுவாள்.

பண்ணைக்காரரின் மகன் என்னோடு வருவான், அவனுடைய நாயும் வரும். இதையும் கணக்கில் எடுத்துச் சொல்லுங்கள்.

---

குற்றாலச்சாரல் (ஐடஹோ, அமெரிக்கா)

தம்பி, நான் பிரேக் பக்கம். பத்து வருஷமாக எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்குப் போகிறேன், துப்பாக்கி 300 வின்செஸ்டர் மேக்னம், .308-ஐவிட மருந்து கூடுதலான தோட்டா. பிரேக் இல்லாத காலத்தில் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்வேன், தோள் தானாகச் சுருங்கும். ஓர் எல்க்கைக் காலில் அடித்துவிட்டு நாள் முழுக்க ரத்தத் தடம் பார்த்து நடந்தேன். அந்த நாளை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பிரேக் போட்ட பிறகு உதை பாதிக்குப் பக்கமாகக் குறைந்தது. சுட்ட பிறகும் ஸ்கோப்பில் மிருகம் தெரிகிறது. எங்கே பட்டது, இரண்டாவது தேவையா என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். மிருகத்துக்கு வலி குறைய வேண்டும் என்று நினைக்கிறவனுக்கு இது பெரிய விஷயம்.

எடை நூறு கிராம் சொச்சம். நீளம் இரண்டு அங்குலம். மரையில் திருகினால் வேலை முடிந்தது. எங்களுக்குச் சைலன்சர் என்றால் 1934-ஆம் வருஷச் சட்டப்படி பதிவு, கைரேகை, காத்திருப்பு, 200 டாலர் வரி. அந்த வரியை 2026 ஜனவரி முதல் பூஜ்யமாக்கிவிட்டார்கள், ஆனாலும் பதிவு அப்படியே இருக்கிறது.

---

பாளை ஆடியோ (பாளையங்கோட்டை)

துப்பாக்கி பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. காது பற்றி ஓரளவு தெரியும், பதினெட்டு வருஷமாகக் காது சோதனைதான் என் தொழில். எனவே அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

ரைஃபிள் வெடிக்கிற அந்தக் கணத்தில் குழல்வாய்ப் பக்கம் சத்தம் 160 டெசிபலைத் தாண்டும். திடீர் வெடிச்சத்தத்துக்குக் காது தாங்கும் எல்லையாக உலகம் முழுக்க வைத்திருப்பது 140. வித்தியாசம் 20தானே என்று நினைக்க வேண்டாம். டெசிபல் கணக்கில் ஒவ்வொரு 10-க்கும் சத்தத்தின் வீரியம் பத்து மடங்கு ஏறும். 20 என்றால் நூறு மடங்கு, 30 என்றால் ஆயிரம் மடங்கு.

உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஓர் உறுப்பு, அதற்குள் மெல்லிய மயிரணுக்கள். பிறக்கும்போது இருக்கிற எண்ணிக்கைதான் ஆயுசுக்கும். செத்ததற்குப் பதிலாகப் புதிதாக ஒன்று முளைக்காது. பம்பாயில் பார்த்தாலும் சரி, வெளிநாட்டில் பார்த்தாலும் சரி, அதற்கு மருந்து இல்லை. துப்பாக்கிச் சத்தத்தால் கெட்ட காதுக்கு வரைபடம் எடுத்தால் 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். வலது கைக்காரருக்குப் பெரும்பாலும் இடது காதில் பள்ளம் ஆழம். சுடும்போது வலது காது தலையின் மறைவில் இருக்கும், இடது காது குழல்வாய்ப் பக்கம் திரும்பியிருக்கும். பாபநாசத்தான் தம்பி, உங்களுக்கு இரைச்சல் கேட்டதும் இடது காதில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும்தான் இந்தப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

அந்த இரைச்சல் ஓர் எச்சரிக்கை மணி. மறுநாள் அடங்கிவிட்டது என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சோதனை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

பிரேக் மாட்டினால் சுடுகிறவர் காதுக்கு வரும் சத்தம் இன்னும் ஐந்து முதல் பத்து டெசிபல் கூடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அதைவிட மோசம். நாய்க்கு நம்மைவிடக் கூர்மையான காது, அது காதடைப்பானும் போடாது.

---

ஹவில்தார் திசையன்விளை

டாக்டரம்மா சொல்வது எனக்குப் பொருந்துகிறது.

(டாக்டரா என்று தெரியாது, மரியாதைக்குச் சொன்னேன்.)

நான் படையில் சேர்ந்த காலத்தில் கையில் கொடுத்தது 7.62 எஸ்.எல்.ஆர். என்ற ரைஃபிள். தம்பி வைத்திருக்கும் .308-க்கும் அதற்கும் தோட்டா ஏறக்குறைய ஒன்றுதான். காதுக்கு என்ன வைத்துக்கொள்வோம் தெரியுமா? துப்பாக்கி துடைக்கிற பஞ்சைக் கிள்ளித் திணித்துக்கொள்வோம். அதுவும் சில நாள் மறந்துபோகும். பக்கத்து லேனில் சுடுகிறவனின் சத்தமும் நம் காதில்தான் விழும். யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது, அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

இப்போது எனக்கு 63 வயது. பேச்சு கேட்கும், ஆனால் புரியாது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் விளங்கிக்கொள்ள மாட்டார்கள். பேத்தி "தாத்தா பசிக்கு" என்றால் என் காதில் "ப..க்கு" என்று விழும். ச, ஸ போன்ற எழுத்தெல்லாம் காற்றோடு போய்விட்டன. ஆண் குரல் பரவாயில்லை, சின்னப் பிள்ளைக் குரல் கிடைக்காது. அடுப்படியில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டு எத்தனை வருஷமோ. வீட்டம்மா தாளிக்கும்போது வாசனைதான் வரும்.

தம்பி, நீங்கள் பணம் பார்க்காதீர்கள். தோளில் கன்றினால் தைலம் தேய்க்கலாம்.

---

குற்றாலச்சாரல்

அண்ணாச்சி எழுதியதைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனால் ஒரு கேள்வி நியாயமாகக் கேட்கிறேன். காதடைப்பான் போட்டுக்கொண்டு பிரேக்கோடு சுட்டால் என்ன? நான் அப்படித்தான் செய்கிறேன்.

---

பாளை ஆடியோ

ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் திடலில், சுடுவதற்கு அது சரி. நுரை அடைப்பானும் மேலே காதுறையும் இரண்டும் சேர்த்துப் போட வேண்டும். வேட்டையில் நடப்பது வேறு. மானின் காலடிச் சத்தம் கேட்கவேண்டும் என்று காதைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். மான் வந்ததும் பதற்றம். அந்த நேரத்தில் அடைப்பானைத் தேடி யாரும் போடுவதில்லை. வெளிநாட்டில் வேலை பார்த்து விடுமுறைக்கு வருகிறவர்களில் வேட்டைக்குப் போகிற இரண்டு மூன்று பேர் என்னிடம் சோதனைக்கு வந்திருக்கிறார்கள். எல்லாரும் சொன்னது ஒன்றே: ரேஞ்சில் போடுவேன், காட்டில் போடமாட்டேன். உங்களையே கேட்கிறேன் சாரல், கடைசியாகச் சுட்ட எல்க்குக்குக் காதில் என்ன வைத்திருந்தீர்கள்?

அடைப்பானைப் போடுகிறவர்களும் சரியாகப் போடுவதில்லை. நுரையை விரல்களுக்கிடையில் சுருட்டி ஊசி மாதிரி மெல்லிசாக்க வேண்டும். எதிர்க்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழுத்தால் துளை நேராகும். அப்போது உள்ளே விட்டு, விரல் நுனியால் முப்பது எண்ணும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே விரிந்து அடைத்ததும் உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள் பேசுவது மாதிரிக் கேட்கும். அப்படிக் கேட்கவில்லை என்றால் அடைக்கவில்லை.

---

குற்றாலச்சாரல்

உண்மையைச் சொல்கிறேன். ஒன்றும் வைத்திருக்கவில்லை.

---

பொறியியல் மாணவன் (மேலத்திடியூர்)

உதை எப்படிக் குறைகிறது என்று யாரும் சொல்லவில்லை, அதைக் கொஞ்சம் பார்ப்போம். துப்பாக்கி பின்னால் உதைக்கக் காரணம் இரண்டு. ஒன்று, முன்னால் போகும் குண்டு. இன்னொன்று, அதன் பின்னாலேயே பீறிட்டு வரும் வாயு. .308-இல் குண்டு ஏறத்தாழ 10 கிராம், வெடிமருந்து 3 கிராம். மருந்து எடையில் குறைவுதான், ஆனால் எரிந்து வாயுவாகி வெளியேறும்போது குண்டைவிட வேகமாக வரும். கணக்குப் போட்டால் மொத்த உதையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம் வாயுவுக்கே சேரும்.

குண்டின் பங்கை யாராலும் மாற்ற முடியாது. பிரேக் அந்த வாயுவைப் பிடித்துப் பக்கவாட்டிலும் கொஞ்சம் பின்பக்கமாகவும் திருப்பிவிடுகிறது. வாயு பின்னால் தள்ளப்படும்போது துப்பாக்கியை முன்னால் இழுக்கும். அதே வாயுதான் சத்தமும். எனவே சத்தத்தை முன்னால் போகவிடாமல் சுடுகிறவர் முகத்துக்கே திருப்பி விடுகிறோம். சாரல் அண்ணனின் மேக்னத்தில் மருந்து நாலரை, ஐந்து கிராம் இருக்கும். அதனால் பிரேக் அதில் நன்றாக வேலை செய்கிறது. .308-இல் அவ்வளவு லாபம் கிடைக்காது.

சைலன்சர் நம் பைக் சைலன்சர் மாதிரிதான். உள்ளே தடுப்புத் தட்டுகள், அறை அறையாக இடம். வாயு அங்கே விரிந்து, சுழன்று, ஆறி, மெதுவாக வெளியேறும். துப்பாக்கிச் சைலன்சருக்கு 1909-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ஹைரம் பெர்சி மேக்சிம், மோட்டார் வண்டிக்கும் சத்தம் அடக்கும் சாதனம் செய்து விற்றார். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மேக்சிமின் மகன் அவர். அந்த அப்பாவுக்குத் துப்பாக்கிச் சத்தத்தாலேயே காது போய்விட்டது.

---

கடையம் வாழைத்தோட்டம்

இந்த இழையை ஆர்வமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் தோட்டத்தில் வாழைக்கன்றைப் பன்றிக்கூட்டம் தோண்டிப் போட்டிருக்கிறது. போன வாரம் ஒரே ராத்திரியில் நாற்பது கன்று. டார்ச் அடித்துத் தகரத்தைத் தட்டினால் அடுத்த வயலுக்குப் போய்விட்டுத் திரும்ப வருகிறது. எங்கள் பெரியப்பா காலத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸோடு வாய்வழியாக மருந்து இடிக்கிற துப்பாக்கி இருந்தது. இப்போது அதுவும் இல்லை. லேத்தில் கொடுத்தால் சைலன்சர் செய்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். சத்தம் இல்லாமல் பன்றியை விரட்ட வழி உண்டா?

---

நெல்லை வக்கீல்

கடையத்து அண்ணாச்சி, அந்த யோசனையைச் சொன்னவரை இனிமேல் தோட்டத்துப் பக்கமே விடாதீர்கள். நம் நாட்டில் ஆயுதச் சட்டம் 1959. அதன் விதிகளில் துப்பாக்கிச் சத்தத்தையோ வெளிச்சத்தையோ குறைக்கும் உபகரணம் தடைசெய்யப்பட்ட ஆயுதங்களோடு ஒரே வகுப்பில் வைக்கப்பட்டிருக்கிறது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்காரரும் அதை வைத்துக்கொள்ள முடியாது. செய்து கொடுக்கிற லேத்துக்காரரும் சேர்ந்து உள்ளே போவார்.

அடுத்தது வேட்டை. 1972-ஆம் வருஷ வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம்மிடம் வேட்டையே குற்றம். பன்றிக்கு மட்டும் 2025 தொடக்கத்தில் தமிழக அரசு ஒரு வழி திறந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். சுடுவது அவர்கள் வேலை, நம் வேலை இல்லை. நீங்கள் சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் கையெழுத்து வாங்கி, வனச்சரகத்தில் எழுத்தாகக் கொடுங்கள். இழப்பீட்டுக்கும் அதே தாள்தான் அடிப்படை.

அவுட்டுக்காய் (தீனிக்குள் வைக்கிற வெடி) மட்டும் வேண்டவே வேண்டாம். பன்றிக்கு வைத்ததை யானை கடித்து வாய் கிழிந்து பட்டினியில் சாகிறது. உங்கள் தோட்டத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம்.

பாபநாசத்தான் தம்பிக்கும் ஒன்று. ஊருக்கு வரும்போது அந்தச் சைலன்சரைக் காட்டலாம் என்று பெட்டியில் போட்டுக் கொண்டுவராதீர்கள். பையின் மூலையில் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்கே விமான நிலையத்தில் வழக்குப் போடுகிறார்கள். வேட்டைக்குக் கொண்டுபோகிற பையை ஊருக்கு எடுத்து வராமல் இருப்பது நல்லது.

---

பேட்டை லேத்

வக்கீல் சார் சொன்னதற்கு மேல் நானும் ஒன்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக மரை வெட்டுகிறேன். இப்படி யாராவது கேட்டு வந்தால் அவர்களை உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன், வேலையைத் தொடமாட்டேன். சட்டம் ஒரு பக்கம். குழலின் மையமும் சாதனத்தின் மையமும் மயிரிழை விலகினால் குண்டு உள்ளே உரசும். அந்த வேகத்தில் உரசினால் சாதனம் பிய்ந்து பறக்கும், பக்கத்தில் நிற்கிறவர் முகத்தில்தான் வந்து விழும்.

தம்பி நியூசிலாந்தில் கடையில் வாங்கப் போகிறார், அது முறையான சாமான். ஆனாலும் பழைய துப்பாக்கி என்கிறாரே, மரை யார் வெட்டியது? வாங்குவதற்கு முன்னால் துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் கொடுத்து மரையின் அளவையும் நேரையும் பார்க்கச் சொல்லுங்கள். அரை அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 28 புரி என்றும் உண்டு, 20 புரி என்றும் உண்டு, 14 மில்லிமீட்டர் விட்டத்தில் 1 மில்லிமீட்டருக்கு ஒரு புரி என்றும் உண்டு. கையில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு சுற்று ஏறிவிட்டது என்று நம்பி முறுக்கக் கூடாது. குழலுக்குள் நேர்க்கம்பி விட்டு மறுமுனையில் துளையின் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள், அதைக் கூட இருந்து பாருங்கள். மரை மட்டும் போதாது, மரை முடிந்து குழல் தடிக்கிற படி, அதைத் தோள் என்போம், அது சதுரமாக இருக்க வேண்டும். சாதனம் உட்கார்வது அந்தத் தோளில்தான்.

---

பாபநாசத்தான்

பேட்டை அண்ணாச்சி, ரொம்ப நன்றி. நாளைக்கே கொடுக்கிறேன். ஹவில்தார் ஐயா, நீங்கள் எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கடுகு பற்றி எழுதிய இடத்தில் அவள் எழுந்து போய்விட்டாள்.

இன்னொரு சந்தேகம். சைலன்சர் மாட்டினால் சத்தமே வராதா? இங்கே வேட்டைக்காரர்கள் அப்படிச் சொல்லவில்லையே.

---

கோவளத்து மாமா (கேன்டர்பரி, நியூசிலாந்து)

மருமகனே, நானும் உங்கள் தீவுதான், மேலே இருக்கிறேன். பதினோரு வருஷமாகச் சைலன்சரோடு சுடுகிறேன். அதனால் இதை நான் சொல்கிறேன்.

சத்தம் போகாது. சினிமாவில் "ப்ச்" என்று கேட்பதை மறந்துவிடுங்கள். 20-லிருந்து 30 டெசிபல் குறையும், அவ்வளவுதான். குண்டு ஒலியைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகப் போகிறது, ஒலி நொடிக்கு 340 மீட்டர் என்றால் உங்கள் குண்டு 800-க்கு மேல். அது காற்றைக் கிழிக்கும்போது சாட்டை சொடுக்கிய மாதிரி ஒரு சத்தம் வழிநெடுக வரும். அதை எந்தச் சைலன்சரும் அடக்காது. ஆனால் குழல்வாயில் வருகிற அந்த முகத்தில் அறைகிற வெடி போய்விடும். மானுக்கும் சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று பிடிபடாது, கூட்டம் ஓடாமல் தலையைத் தூக்கித் திகைத்து நிற்கும். அந்தச் சொடுக்கு 140-ஐ ஒட்டியே இருப்பதால், ரேஞ்சில் பத்து இருபது சுடும்போது சைலன்சரோடும் அடைப்பான் போடுங்கள். காட்டில் ஒன்றோ இரண்டோ சுடும்போதுதான் அதன் அருமை.

உதையும் குறையும், கால் பங்குக்கு மேலேயே குறையும். முனையில் 400 கிராம் தொங்குவதால் குழல் துள்ளுவதும் குறைவு. .308-க்கு அதற்கு மேல் தேவையில்லை.

குறை இல்லாமல் இல்லை. துப்பாக்கி நீளும். புதருக்குள் நுழையும்போது முனை எல்லாக் கொடியிலும் மாட்டும். உங்களுக்குக் குழல் 22 அங்குலம், முன்னால் நீட்டுகிற வகை சைலன்சரை மாட்டினால் இன்னும் ஆறேழு அங்குலம். அதனால் குழலுக்கு மேலேயே பின்னால் உறை மாதிரி இறங்குகிற வகையைப் பாருங்கள், நீளம் நாலு அங்குலத்துக்குள் நிற்கும். இங்கே பலர் குழலை 18 அங்குலத்துக்கு வெட்டிக்கொள்கிறார்கள். ஓர் அங்குலம் வெட்டினால் நொடிக்கு ஏழெட்டு மீட்டர் வேகம் போகும். வயல் ஓரத்தில் 150 மீட்டரில் சுடுவதற்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் முதல் வருஷம் வெட்ட வேண்டாம்.

மாட்டியபின் குறி மாறும். எனக்கு 100 மீட்டரில் இரண்டு அங்குலம் கீழே போனது. மறுபடி குறி சரிசெய்யுங்கள், அதன் பிறகு கழற்றி மாட்டினாலும் ஒரு தோட்டா தாளில் சுட்டுப் பார்த்துவிட்டே காட்டுக்குள் போங்கள்.

இப்போது சொல்வதை இரண்டு தடவை படியுங்கள். வீட்டுக்கு வந்ததும் சைலன்சரைக் கழற்றிவிடுங்கள். வாயுவில் ஈரம் இருக்கிறது, உங்கள் ஊரில் மழை வேறு. உள்ளே நின்ற ஈரமும் கரியும் சேர்ந்து குழல்வாயைத் தின்னும். நான் முதல் வருஷம் ஒரு வாரம் அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன். கழற்றும்போது மரையில் செம்பழுப்பாகத் துரு. விரலில் ஒட்டியது, மஞ்சள்பொடி மாதிரி. குழல்வாயைச் சீர்செய்ய ஆன செலவில் இன்னொரு சைலன்சர் வாங்கியிருக்கலாம். கழற்றி, வாய் மேலே பார்க்க நிமிர்த்தி, ஹீட்டர் பக்கம் ஒரு ராத்திரி வையுங்கள். மரையில் துளி எண்ணெய். அடுத்த தடவை மாட்டும்போது கையால் இறுக்கி, நடுநடுவே தளர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சுட்டபிறகு தொடாதீர்கள், மூன்று நாலு தோட்டாவுக்கே தோசைக்கல் மாதிரிக் காய்ந்திருக்கும்.

ஒரு சங்கதி சொல்ல வேண்டும். போன கோடையில் ஒரு ரேஞ்சுக்குப் போனேன். இரண்டு மேசை தள்ளி ஒருவர் பிரேக் போட்ட மேக்னத்தோடு உட்கார்ந்தார். நான் காதுறையைக் கழற்றித் தோட்டா எண்ணிக்கொண்டிருந்தேன், சுடப்போகிறோம் என்று சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. அந்தக் காற்று கன்னத்தில் அறைந்ததை உணர்ந்தேன். மேசையிலிருந்த தாள் பறந்தது. மூன்று நாள் காதுக்குள் மணி. அவர் நல்ல மனுஷன், எழுந்து வந்து மன்னிப்புக் கேட்டார். ஆனால் அவர் கேட்டது எனக்குக் கேட்கவில்லை, உதடு அசைந்ததுதான் தெரிந்தது.

பிரேக் போடுகிறவர் தன் தோளுக்காகப் போடுகிறார். விலையைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கொடுக்கிறார். பண்ணைக்காரர் மகனும் நாயும் கூட வருவார்கள் என்றால் எனக்கு இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை.

---

குற்றாலச்சாரல்

மாமா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், .308-க்கு மட்டும். மேக்னத்துக்கு நான் இன்னும் பிரேக்கை விடவில்லை. காயம்பட்ட எல்க்கைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். ஆனால் மின்காதுறை ஒன்று வாங்கியிருக்கிறேன். மெல்லிய சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுத்து, வெடிச்சத்தம் வந்தால் அடைத்துக்கொள்கிறது. காட்டில் போட்டுப் பார்த்தேன், இலை மேல் அணில் நடப்பதுகூடக் கேட்கிறது. மகன் அடுத்த வருஷம் என்னோடு வருவதாகச் சொல்கிறான். அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

---

வரையாடு (மாஞ்சோலை)

வேட்டை பற்றிய இழையில் எழுதலாமா என்று தயங்கினேன். சொல்லாமல் போனால் மனசு கேட்காது. கேன்டர்பரி மாமா இருக்கிற மலைகளில் இமயமலை வரையாட்டை 1904-இல் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே வௌவாலைத் தவிரச் சொந்தமான நிலப் பாலூட்டியே கிடையாது. செடிகொடிகள் அப்படி மேய்ச்சலைப் பார்த்ததே இல்லை. அதனால் அங்கே சுட வேண்டியிருக்கிறது. நம் அகத்தியமலைப் பாறைகளில் நிற்கிற நீலகிரி வரையாடு நம் மாநில விலங்கு, அதைக் காக்க 2022-இல் அரசு தனித் திட்டமே அறிவித்தது. அங்கே சரியாக இருப்பது இங்கே சரியாகாது. இந்த இழையைப் படிக்கிற ஊர்ப்பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கூந்தன்குளத்தில் தீபாவளிக்குப் பறவைகளுக்காக வெடி போடாமல் இருக்கிறார்கள். சத்தத்தின் அருமை தெரிந்த ஊர் நம் ஊர்.

---

பாளை ஆடியோ

நன்றாகச் சொன்னீர்கள். வேட்டுப் போடுகிற மாமாவுக்கும் ஒரு வார்த்தை: பாபநாசத்தான், அவரைச் சோதனைக்குக் கூட்டிவரச் சொல்லுங்கள். போனது திரும்ப வராது, ஆனால் கருவி பொருத்தினால் அத்தை வாசலில் நின்றே கூப்பிடலாம். அவரோடு வேட்டுப் போடப் பழகுகிற பையன்கள் இருப்பார்களே, அவர்களுக்கு ஆளுக்கு ஒரு காதுறை.

---

பாபநாசத்தான் (ஏழு வாரம் கழித்து)

எல்லாருக்கும் தகவல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மரையைப் பார்த்தவர், குழலின் தோள் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது என்றார். அதைச் சீர்செய்து, 14 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டருக்கு ஒரு புரி என்று உறுதிசெய்து கொடுத்தார். பேட்டை அண்ணாச்சி சொல்லாவிட்டால் அப்படியே முறுக்கியிருப்பேன். குழல்மேல் இறங்குகிற வகைச் சைலன்சர் வாங்கினேன், 380 கிராம். குறி ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்தது, ஆறு தோட்டாவில் சரிசெய்துவிட்டேன். அடைப்பான் போட்டுத்தான் சுட்டேன். என் குரல் குடத்துக்குள் கேட்டது.

போன சனிக்கிழமை பொழுது அடைகிற நேரம். கிழங்கு வயல் ஓரத்து வேலிக்குப் பின்னால் நானும் பையனும் படுத்திருந்தோம், நாய் என் முழங்காலை ஒட்டி. மூன்று மான் இறங்கின. ஓரத்தில் நின்ற இளம் ஆணை 120 மீட்டரில் சுட்டேன். சொடுக்கு ஒன்று மலையில் போய் மோதித் திரும்பி வந்தது. அதன் பின்னால், வேலியோரத்து ஓடையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பையன் என் காதோரம், "விழுந்துவிட்டது" என்று கிசுகிசுத்தான். அதுவும் கேட்டது. நாய் காதைக்கூட மடக்கவில்லை, மான் கிடந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தது.

மாமா சொன்ன மாதிரி கழற்றி ஹீட்டர் பக்கம் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். தாய்மாமாவை அடுத்த மாதம் பாளைக்குக் கூட்டிப்போவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான்.

---

ஹவில்தார் திசையன்விளை

சந்தோஷம் தம்பி. கறியில் மிளகு தூக்கலாகப் போடச் சொல்லுங்கள்.

டாக்டரம்மா, நானும் அந்த மாதமே வருகிறேன். எந்தக் கிழமை வந்தால் கூட்டம் குறைவாக இருக்கும்?